ஒரே பாட்டில் புறாக்காரி

ஷுப்ரா, கெய்ரோ
ரமலான் இரண்டாம் வாரம், புதன்கிழமை

அன்புள்ள மகன் நஸீமுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம். நீயும் அந்தக் குளிரில் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் ஏணியிலிருந்து விழவில்லை. உன் அத்தை ஒதெத் உன்னிடம் தொலைபேசியில் அப்படிச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த நேரத்தில் ஒதெத் ஹெலியோபோலிஸில் தன் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து என் மொட்டைமாடி தெரியாது. நடந்தது இதுதான்: கடைசிச் சில படிகளை நான் நினைத்ததைவிட வேகமாக இறங்கினேன். காலில்தான் வந்து நின்றேன். அது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வாயிற்காவலர் பயூமியின் கால் என்பது வேறு விஷயம்.

தொலைக்காட்சியின் மேல் செருப்பை எறிந்தேன் என்றும் சொன்னாளாம். அதுவும் தவறு. அது சோபாத் திண்டு. தொலைக்காட்சியை நோக்கி எறியவும் இல்லை. அதன் முன் நின்று கைதட்டிக்கொண்டிருந்த பயூமியை நோக்கித்தான் எறிந்தேன்.

ஏன் எறிந்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மேல்வீட்டு ஃபிர்யால் இதைப் படம் எடுத்து உன் தொலைபேசிக்கு அனுப்பிவிடுவாள். தபாலை நம்பினால், இது மொன்றியாலுக்கு வருவதற்குள் நீ எழுதும் தொலைக்காட்சித் தொடர் முடிந்து, பெருநாளும் முடிந்துவிடும். கடைசிப் பகுதிகளை நீ இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாய், நடிகை காலையில் தாளை வாங்கி மாலையில் நடிக்கிறாள் என்று பத்திரிகையில் படித்தேன். ஆகவே இன்னும் நேரம் இருக்கிறது.

உன் தொடரை இந்தக் கட்டடமே என் வீட்டில்தான் பார்க்கிறது. எழுதியவனின் தாய் வீடு என்பதால் அது மரியாதை என்கிறார்கள். என் தொலைக்காட்சி பெரியது என்பதும் ஒரு காரணம். நோன்பு திறந்து, சாப்பிட்டு முடித்ததும் ஃபிர்யால் தேநீர்த் தட்டோடு இறங்கி வருவாள். பயூமியும் அவர் மனைவி நஜாத்தும் வருவார்கள். உன் கதாநாயகி ஜலீலா கணவனை இழந்தபோது எல்லோரும் அழுதார்கள். நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். கணவன் விட்டுச்சென்ற புறாக் கோபுரத்தைப் பார்க்க அவள் மொட்டைமாடி ஏறியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த மாடி யாருடைய மாடி என்று எனக்குத் தெரியாதா? உன் அப்பாவின் மரக்கோபுரம், அதன் பச்சை வண்ணம், மூன்றாம் படி உடைந்த ஏணி, எல்லாவற்றையும் சரியாக வைத்திருந்தாய்.

அப்புறம் பாட்டு ஆரம்பித்தது.

பாட்டின் முதல் அடியில் ஜலீலா புறாக்களை ஏவும் கொடிக்கம்பை எடுத்தாள். இரண்டாம் அடியில் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள், ரயில்வே கார்டு மாதிரி. மூன்றாம் அடியில் ஷுப்ராவின் புறாக்கள் எல்லாம் அவள் தலைக்கு மேல் சுற்றின. பாட்டு முடியும்போது எதிர்மாடிக்காரன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். கறுப்பு உடையும் எங்கோ நடுவில் நீலமாகிவிட்டது. ஃபிர்யால் ஊற்றிய தேநீர் இன்னும் ஆறவில்லை, அதற்குள் அவள் தேர்ந்த புறாக்காரி ஆகிவிட்டாள்.

பயூமி எழுந்து கைதட்டினார். திண்டு பறந்தது.

மறுநாள் காலை நான் ரொட்டிக்காகக் கூடையைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டடத்தின் கீழே டயர் கடை வைத்திருக்கும் உஸ்தா ஹனஃபியை உனக்கு நினைவிருக்கும். அவருடைய புறாக் கோபுரம் எங்கள் மாடிக்கு நேர் எதிரே. அவர் தெரு நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்: "மதாம் மார்சேல்! அந்தம்மா ஒரே பாட்டுல புடிச்சுட்டாங்களே! உங்களுக்கு எத்தன பாட்டு வேணும்? சொல்லுங்க, கடை ரேடியோவ உங்க பக்கம் திருப்பி வெக்கிறேன்!"

ரொட்டிக்காரன் சிரித்தான். காய்கறிக்காரி சிரித்தாள். பயூமி சிரிக்காமல் இருக்கத் தாடியைச் சொறிந்துகொண்டார். ஜலீலா என்றால் நான்தான் என்று தெரு முழுக்க முடிவு செய்துவிட்டது. அவளோடு ஒப்பிட்டால் நான் மந்தபுத்தி. மூன்று கோடையாக மாடியில் கொடியை ஆட்டிக்கொண்டு என்ன செய்தாய் கிழவி என்று கேட்காமல் கேட்கிறார்கள்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவின் நீதிபதி நலம் என்று நான் உனக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மை. நீதிபதி நலமாகத்தான் இருக்கிறார். ஆனால் ஹனஃபியின் கூண்டில் இருக்கிறார்.

உன் அப்பா நீதிமன்ற எழுத்தராக இருந்து தன் புறாக்களுக்கெல்லாம் நீதிமன்றப் பெயர்களே வைத்தவர். அவற்றில் அவருக்குப் பிரியமானது நீதிபதி என்ற அந்தக் கறுப்பு ஆண்தான்: கழுத்தில் வெள்ளைப் பட்டை, நடையில் வழக்கறிஞர்களைக் கண்டுகொள்ளாத மிடுக்கு. அப்பா போய் நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் நான் மாடிக்கு ஏறினேன். பறவைகள் இளைத்திருந்தன. எனக்கு மனம் பொறுக்கவில்லை. என் வீட்டிலிருந்து யாரும் வெறும் வயிற்றோடு வெளியே போனதில்லை. சோளமும் பட்டாணியும் தாராளமாகப் போட்டேன். வயிறு நிறைந்த பிறகு கதவைத் திறந்துவிட்டேன்.

புறா பசியோடுதான் பறக்க வேண்டும், மகனே. பசித்த புறாதான் உடையவரின் குரலுக்கு இறங்கும். இது இந்த ஊரில் மூக்கு ஒழுகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கன்னியர் பள்ளியில் மதர் கிளோதில்ட் எங்களுக்கு மேசை விரிப்பு, பிரெஞ்சு வினைச்சொற்கள், விருந்தோம்பல் எல்லாம் கற்றுக்கொடுத்தார். இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. என் பறவைகள் ஞாயிற்றுக்கிழமை விருந்து சாப்பிட்ட மாமாக்களைப் போல இரண்டு சுற்று கனமாகச் சுற்றின. நான் கூப்பிட்டதை எதுவும் காதில் வாங்கவில்லை. பாதி திரும்பி வந்தன. நீதிபதி ஹனஃபியின் மாடியில் இறங்கினார்.

அப்பாவுக்கும் ஹனஃபிக்கும் சண்டை ஒப்பந்தம் என்பது உனக்குத் தெரியும். சமாதானம் என்றால் பிடித்த பறவையைத் திருப்பித் தர வேண்டும், சண்டை என்றால் பிடித்தவருக்கே சொந்தம். ஹனஃபி அன்று மாலையே ஆள் அனுப்பினார்: "பெரியவர் போயிட்டாரு. மதாம் சமாதானம்னு ஒரு வார்த்த சொல்லட்டும், பறவைய இப்பவே குடுத்துடறேன்." நல்ல மனம்தான். நான் மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அது உன் அப்பாவின் பறவை. துக்கம் கேட்க வருகிறவர் கொண்டுவரும் இனிப்புத் தட்டு அல்ல. பறக்கவிட்டுத் தோற்றேன், பறக்கவிட்டுத்தான் வாங்குவேன்.

ஆகவே உன் ஜலீலாவிடம் எனக்கு ஒரு கோரிக்கை. அவள் தோற்கட்டும். வயிறு நிறையப் போட்டுவிட்டுக் கதவைத் திறக்கட்டும். விசில் வராமல் போகட்டும். இதை உன்னால் செய்ய முடியுமா என்று எழுது. குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்.

அன்புடன்,
உன் அம்மா மார்சேல்


ஷுப்ரா
ரமலான் மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள நஸீமுக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவை ஃபிர்யாலின் தொலைபேசியில் கேட்டேன். நீ எதையோ மென்றுகொண்டே பேசினாய். கடிதத்துக்குக் கடிதம்தான் பதில் என்று உனக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். இருந்தாலும் பதில் எழுதுகிறேன்.

நீ சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன், பிறகு மாற்றிச் சொல்லக்கூடாது என்று. "அம்மா, விசில் கத்துக்கறதுக்கே நான் ஆறு பகுதி குடுத்தா ஜனங்க சேனல மாத்திடுவாங்க. நாளெல்லாம் நோன்பு இருந்து களைச்சு வந்து உக்காறாங்க, அவங்களுக்கு ஒரு ஜெயிப்பு வேணும். அதுவுமில்லாம ஜலீலா நீங்கதானே! நீங்க எதையும் அப்படித்தானே செஞ்சீங்க? அப்பா போன பிறகு ஒரு நாளாவது தடுமாறி நான் பாக்கலயே."

முதல் பாதிக்கு ஃபிர்யால் உன் கட்சி. அதை மறைக்க மாட்டேன். "மதாம், காலைலேர்ந்து அடுப்படில நின்னுட்டு வரேன். எனக்கு எதுவும் ஒரே தடவைல வந்ததில்ல. சோறு வடிக்கக்கூட மாமியார்கிட்ட ஒரு வருஷம் திட்டு வாங்கினேன். டிவிலயாவது ஒருத்திக்கு லேசா வரட்டுமே, உங்களுக்கு என்ன போச்சு?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு என்ன போனது என்று இரண்டு நாள் யோசித்தேன். பதில் ஹனஃபியிடமிருந்து வந்தது. என்னைத் தெருவில் கிண்டல் செய்தாரே, அன்று மாலை அவர் காப்பிக் கடைக்குப் போனாராம். பயூமி சொன்னார். கடைசியில் கோப்பையைத் தள்ளிவிட்டு, "பத்து வயசுலேர்ந்து கூரைல வெயில் காயறேன். எங்கப்பன்கிட்ட வாங்காத அடி இல்ல. ஒரு பாட்டுல வந்துடுமாடா இது? அப்ப நான் என்ன முட்டாளா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாராம்.

புரிகிறதா? நீ ஜலீலாவை உயர்த்துவதாக நினைத்தாய். அவளைச் சுற்றியிருக்கிற எல்லோரையும் குள்ளமாக்கினாய். அவளுக்கு ஒரு பாட்டில் வருமென்றால், உன் அப்பா ஆயுள் முழுக்க அந்த மாடியில் நின்றது ஒரு பாட்டுக்கான வேலை. அவர் மந்தமானவர் இல்லை.

இனி உன் இரண்டாம் பாதி. நான் தடுமாறி நீ பார்க்கவில்லை என்கிறாய்.

அடக்கத்துக்கு வந்தாய், மூன்றாம் நாள் விமானம் ஏறினாய். வேலை அப்படி, நான் குறை சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நான் சர்க்கரை போடாத காப்பியைத் தட்டில் கொண்டுபோனேன், ஒரு கிண்ணம்கூட ஆடவில்லை. நீ அதைப் பார்த்தாய். அன்று விடியற்காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது நான் அதே தட்டில் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து பழகினேன். இரண்டு கிண்ணங்கள் உடைந்தன. நீ அதைப் பார்க்கவில்லை. நீ பார்த்தது ஒரு பாட்டின் நீளம், நஸீம்.

விசிலைப் பற்றிக் கேள். பெண் விசில் அடித்தால் மாதா கண்ணீர் விடுவார் என்று மதர் கிளோதில்ட் சொல்லியிருந்தார். அறுபத்தெட்டு வயதுவரை நான் மாதாவை அழவைக்கவில்லை. அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழக ஆரம்பித்தேன். எனக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டிய பல். விரலை வைத்தால் பல் நகரும், பல்லை அழுத்தினால் காற்று நிற்கும். வெறும் சீறல்தான் வரும். ஒரு நாள் பயூமி கதவை இடித்தார்: "மதாம்! வெளிய வாங்க! கேஸ் கசியுது, சத்தம் கேக்குது!" கட்டடத்தில் எல்லோரும் அடுப்பை அணைத்துவிட்டுப் படியில் நின்றார்கள். நான் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கேஸ் ஒன்றும் கசியவில்லை, எல்லோரும் போய்ச் சமையலைப் பாருங்கள் என்றேன். உன் ஜலீலாவுக்கு இப்படி ஒரு காட்சி எழுதிப் பார். யாரும் சேனலை மாற்றமாட்டார்கள்.

கொடிக்கம்பு பார்க்கும்போது லேசு. சிறிது நேரம் தூக்கிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். எப்போது ஆட்ட வேண்டும் என்பதைவிட, எப்போது ஆட்டாமல் இருக்க வேண்டும் என்பது கஷ்டம். அவசரப்பட்டு ஆட்டி இன்னும் சில பறவைகளை இழந்தேன். மழையில் நனைந்து காய்ச்சலில் கிடந்தேன். காய்ச்சலைப் பற்றி உனக்கு எழுதினேன். மழையைப் பற்றி எழுதவில்லை.

இதற்கிடையில் ஒரு செய்தி. நோன்பின் கடைசி மாலையில் நீதிபதியைத் தன் கூட்டத்தோடு பறக்கவிடப் போவதாக ஹனஃபி காப்பிக் கடையில் அறிவித்திருக்கிறார். இதுவரை இறகைக் கட்டியும் கூண்டில் அடைத்தும் வைத்திருந்தார். இப்போது நீதிபதி அந்தக் கூரையை வீடாக ஏற்றுக்கொண்டார் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டதாம். "மதாமுக்கு எதாவது பாட்டு தெரிஞ்சா அன்னிக்குப் பாடட்டும். புடிச்சுட்டா பறவை அவங்களுது. இல்லன்னா இனிமே அந்தப் பேச்சே வேணாம்" என்றாராம்.

சரி என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்று நான் அவரைப் பிடிக்காவிட்டால் நீதிபதி அந்தக் கூரையிலேயே சாவார். எனக்கு எழுபத்தொன்று, அவருக்கும் புறாக் கணக்கில் கிட்டத்தட்ட அதே வயதுதான். இரண்டு பேருக்கும் இன்னொரு ரமலான் நிச்சயமில்லை.

நான் பயப்படுகிறேன். இதை நீ ஜலீலாவுக்குக் கொடுக்கவில்லை. ஆகவே எழுதிவைக்கிறேன்.

எனக்காக ஜெபம் செய். இந்த முறை குரலை அனுப்பாதே, காகிதத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா


ஷுப்ரா
பெருநாள் காலை

அன்புள்ள நஸீமுக்கு,

நீதிபதி வீட்டில் இருக்கிறார்.

இதை எழுதும்போது மேலே நடக்கிற சத்தம் கேட்கிறது. அவருடைய பழைய ஜோடிப் பெட்டை அப்பீலோடு ஒரே கூண்டில் விட்டிருக்கிறேன். அவள் அவரை முதுகில் கொத்தினாள். மூன்று வருடக் கணக்கு இருக்கும். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இனி ஒழுங்காகச் சொல்கிறேன். நேற்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஷுப்ராவின் மாடிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. நோன்பின் கடைசி மாலை, எல்லோருக்கும் பசி, யாராலும் தூங்க முடியவில்லை, வேடிக்கை கசக்குமா? ஈஸ்டருக்கு முந்திய எங்கள் தவக்கால நோன்பும் இந்த வருடம் கூடவே வந்ததால் நானும் காலையிலிருந்து வெறும் வயிறு. பறவைகளுக்கும் ஒரு மணிகூடப் போடவில்லை. பயூமி ஏணியைப் பிடித்தார், இந்த முறை காலைத் தள்ளி வைத்துக்கொண்டு. ஃபிர்யால் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். புறா விடுகிறவரின் சாட்சி கோர்ட்டில் செல்லாது என்று உன் அப்பாவை அலுவலகத்தில் கேலி செய்வார்களே, அதனால்தான் படம் எடுக்கச் சொன்னேன்.

ஹனஃபி முதலில் விட்டார். கறுப்புப் பறவை, வெள்ளைக் கழுத்து. மூன்று வருடத்துக்குப் பிறகு அவரை வானத்தில் பார்த்தேன். என் கண்ணாடி மங்கியது. துடைக்கக் கை இல்லை, கொடி இருந்தது. நானும் விட்டேன்.

இரண்டு கூட்டமும் தெருவுக்கு நடுவில் கலந்தன. எல்லா மாடியிலிருந்தும் சத்தம். ஃபிர்யால் கத்தினாள்: "இப்ப ஊதுங்க மதாம்! இப்ப!" நஜாத் கத்தினாள்: "ஊதாதீங்க!" ஹனஃபி எதிரிலிருந்து, "பாட்டு எங்க மதாம்? பாட்டப் போடுங்க!" என்றார். கட்டிய பல்லுக்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் கவனித்தேன். ஹனஃபியின் கூட்டம் திரும்பும்போது கனமாகத் திரும்பியது. இறக்கை அடி மெதுவாக, வயிறு தாழ்ந்து. அந்தப் பறத்தல் எனக்குத் தெரியும். நாற்பதாம் நாள் முடிந்த அந்த மாலையில், இதே இடத்தில் நின்று, என் பறவைகள் அப்படிப் பறந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தெருவில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் வேறு யாரும் அவ்வளவு முட்டாள்தனம் செய்ததில்லை. ஹனஃபி அவற்றுக்குத் தீனி போட்டிருந்தார்! பசியோடு விட்டால் நீதிபதி என் தானியத்துக்கு இறங்கிவிடுவாரோ என்ற பயம். பத்து வயதிலிருந்து கூரையில் நின்றவர், என்னிடம் பயந்து, என்னுடைய தவற்றையே செய்திருந்தார்.

வயிறு நிறைந்த பறவை என் தானியத்துக்கு இறங்காது. அவர் குரலுக்கும் இறங்காது. ஆனால் சீக்கிரம் களைக்கும்.

ஆகவே நான் ஊதவில்லை. கொடியை ஆட்டி என் பறவைகளை மேலேயே வைத்திருந்தேன். தோள் எரிந்தது. ஹனஃபி விசில் அடித்தார், தானியத் தகரத்தைத் தட்டினார், பிறகு தொப்பியைக் கழற்றி வீசினார். அவர் பறவைகள் காது கேட்காதவை போலச் சுற்றின. சூரியன் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் இறங்கியது. நீதிபதி தாழ ஆரம்பித்தார்.

கொடியைப் போட்டுவிட்டு, பறக்கவிடாமல் கூண்டிலேயே வைத்திருந்த அப்பீலைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டினேன். அவள் சிறகடித்தாள். இரண்டு விரலை வாயில் வைத்தேன். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஊதினேன்.

அழகான விசில் இல்லை. ஆனால் தெருக்கோடிவரை கேட்டது. என் பறவைகள் பசியோடு கற்கள் போல வந்து விழுந்தன. அவற்றுக்குப் பின்னால், அவசரமில்லாமல், வழக்கை ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி, நீதிபதி வந்து என் மணிக்கட்டில், அப்பீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மேல் நான் கையை வைத்ததும் பாங்கு சொன்னார்கள்.

மாடி மாடியாகக் கத்தினார்கள், மகனே. தட்டுகளைத் தட்டினார்கள். காய்கறிக்காரி குலவை இட்டாள். ஃபிர்யால் அழுதாள், அதனால் படம் முழுக்க ஆடுகிறது. பயூமி கைதட்டினார். இந்த முறை எறிய என்னிடம் ஒன்றும் இல்லை, எறியவும் மாட்டேன்.

ஹனஃபி கைகளை வாயில் குவித்துக் கத்தினார்: "மதாம்! அது விசிலா, குக்கரா?"

"வெந்தது யாருன்னு பாருங்க உஸ்தா!" என்று நான் கத்தினேன். தெரு முழுக்கச் சிரித்தது. மதர் கிளோதில்ட் கேட்டிருந்தால் என்னை மூலையில் நிற்க வைத்திருப்பார்.

நோன்பு திறந்த பிறகு என் கூடையைக் கயிற்றில் இறக்கச் சொல்லி ஆள் வந்தது. இழுத்துப் பார்த்தால் ஹனஃபியின் மனைவி செய்த பெருநாள் பிஸ்கோத்து, சர்க்கரை தூவியது, துணி சுற்றி. கீழே ஹனஃபி நின்று கேட்டார்: "நாளையிலேர்ந்து என்ன மதாம்? சமாதானமா, சண்டையா?"

"சண்டை" என்றேன்.

"அல்லாஹ் உங்களுக்கு ஆயுளக் குடுக்கட்டும்! பெரியவர் இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போனார். மூன்று வருடத்தில் அவர் என்னைக் கிண்டல் செய்யாமல் பேசியது அப்போதுதான்.

இனி உன் தொடர். இருபத்தாறாம் பகுதியில் ஜலீலா கூண்டுக்குள் கை நிறையச் சோளம் போட்டதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கணவனின் பறவை எதிர்மாடியில் இறங்கியது. விசில் அடிக்கப் பார்த்தாள், வெறும் காற்று வந்தது. பாட்டு இல்லை. யாரும் சேனலை மாற்றவும் இல்லை. ஃபிர்யால் மெதுவாக என் முழங்கையைத் தொட்டு, "மதாம், இப்பதான் இவ நம்ம கட்டடத்துக்கு வந்திருக்கா" என்றாள். ஹனஃபி காப்பிக் கடையில் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிப் பார்த்தாராம். "இத எழுதினவனுக்கு விஷயம் தெரியும்டா" என்றாராம். உன் அப்பாவைப் பற்றிக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

நன்றாக எழுதியிருந்தாய். இதை நான் எளிதில் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அதை நான் என் கடிதம் கிடைத்ததற்கான ரசீதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், பதிலாக அல்ல.

நேற்றிரவு கடைசிப் பகுதியும் பார்த்தோம். அதில் ஒன்றைப் பற்றி எனக்குச் சந்தேகம். ஜலீலாவின் மகன் வெளியூரிலிருந்து வருகிறான். மாடிக்கு வந்து, கோபுரத்தின் ஏணியில் கை வைத்து, நேராக மேலே ஏறி, தாயின் பக்கத்தில் உட்கார்கிறான். கீழே பார்க்கவில்லை. கால் நடுங்கவில்லை. உடைந்த மூன்றாம் படியில்கூட நிற்கவில்லை.

உனக்குச் சிறுவயதிலிருந்தே உயரம் ஆகாது. அப்பா எவ்வளவு கூப்பிட்டும் நீ அந்த ஏணியில் ஏறியதில்லை. அடக்கத்தன்றும் அதன் அடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாய், பிறகு மாடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாய். ஆகவே அந்த மகன் அவ்வளவு லேசாக ஏறியதை நான் நம்பவில்லை. அவன் முதல் படியில் நிற்க வேண்டும். வியர்க்க வேண்டும். தாய் மேலிருந்து ஏதாவது திட்ட வேண்டும். பயூமி ஏணியைப் பிடித்துக்கொள்வார், அவருக்கு இப்போது நல்ல பழக்கம்.

மூன்றாம் படியைத் தச்சனை அழைத்துச் சரிசெய்துவிட்டேன்.

ஹனஃபி வீட்டு பிஸ்கோத்தில் நெய் இருக்கிறது, ஈஸ்டர்வரை நான் தொட முடியாது. தகர டப்பாவில் மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். நஜாத் கேட்டும் கொடுக்கவில்லை.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். உன் கைக்கு வந்த இந்தக் கதையை ஆசீர்வதிக்கட்டும், உன் கால்களுக்கும் பலம் கொடுக்கட்டும்.

இதையும் ஃபிர்யால் படம் எடுத்து அனுப்புவாள். அசல் தபாலில் வருகிறது. அந்த மகன் ஏணியில் ஏறியது கற்பனையா, இல்லையா? குரல்பதிவு வேண்டாம். காகிதத்தில், உன் கையெழுத்தில், எனக்குப் பதில் எழுது.

உன் அம்மா
மார்சேல்